அலையைக் கேட்டார்கள், வீட்டைக் கேட்கவில்லை

எனக்கு பைபோலர், மனம் அளவுக்கு மீறி ஏறுவதும் பிறகு இறங்குவதுமான இருமுனை மனநோய். இதைச் சொன்னதும் எங்கட மட்டக்களப்பில் முதலில் வருகிற கேள்வி, "கடற்கரை நாவலடியா? சுனாமியில தாய் போனதாலதானே?" அடுத்தது, "எத்தனை பேருக்குத் தாய் தகப்பன் போச்சு, அவங்க நல்லாத்தானே இருக்காங்க?" முதலாவதைப் பாவம் பார்த்துத்தான் கேட்கிறார்கள். இரண்டாவதுக்குத்தான் எனக்குக் கோபம் வரும்.

2004 டிசம்பர் 26 அன்று அம்மா போனது உண்மை. ஆனால் அலை வந்தது ஒரு நாள் காலையில், அதோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் வளர்ந்த சொந்தக்கார வீட்டில் சோற்றுக் கோப்பையை முன்னால் வைக்கும்போதெல்லாம் "தாயைத் தின்டவள்" என்று சொல்வார்கள், அது வருசக்கணக்காக நடந்தது. அடி இல்லை, பேச்சு மட்டும்தான். நிவாரணம் எழுத வந்தவர்களும் ஆறுதல் சொல்ல வந்தவர்களும் அலையைப் பற்றியே கேட்டார்கள், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

2016இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ சஞ்சிகையில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், சிறுவயதில் கொடுமையை அனுபவித்திருக்கும் வாய்ப்பு பைபோலர் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட 2.6 மடங்கு அதிகம் என்று இருக்கிறது. அதிலும் ஆகக் கூடிய தொடர்பு மனதை நோகடிக்கும் கொடுமைக்குத்தான், கிட்டத்தட்ட 4 மடங்கு. அதற்காக அந்தப் பேச்சு மட்டும்தான் நோயைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை, இது பரம்பரையாகவும் வலுவாக வருகிற நோய். ஒரே அலையில் தாயை இழந்த இரண்டு பிள்ளைகளுக்கு உடம்பும் ஒன்றல்ல, பிறகு போய்ச் சேர்ந்த வீடும் ஒன்றல்ல. பிறகு எப்படி ஒப்பிடுகிறீர்கள்?

எனக்கு முதலில் மனம் ஏறியது ஒரு வைகாசியில், கண்ணகி அம்மன் சடங்கு நேரம். சாமம் சாமமாக முழித்திருந்தேன், நித்திரையே தேவைப்படவில்லை, வாய் ஓயாமல் பேசினேன், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி யாரோ ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். அம்மன் வந்திருக்கு என்றார்கள், சிலர் விசர் என்றார்கள். என் பாட்டி, பெத்தா மட்டும் நூலும் கட்டிவிட்டு, அடுத்த நாளே கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு போனா. அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் குளிசையைச் சீனிப் போத்தல் மூடியில் போட்டு நீட்டி, "முழுங்கு மனே, முழுங்கிப் போட்டுப் படு" என்று சொல்லிப் பக்கத்திலேயே இருப்பா. ஏன் இப்படி ஆனாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

என் மனத்தைரியத்தைப் பாராட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன், என்னை நிமிர்த்தியது பெத்தாவும், லித்தியம் என்கிற அந்தக் குளிசையும், நேரத்துக்கு நித்திரையும்தான். லித்தியம் எடுப்பவர்கள் இரத்தப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள், இந்த வெயிலுக்குத் தண்ணீர் நன்றாகக் குடியுங்கள், வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் உடனே டொக்டரிடம் சொல்லுங்கள், கேட்காமல் ஐபுபுரூஃபன் மாதிரி நோவுக் குளிசை வாங்கிப் போடாதீர்கள். சுகமாகிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம்.

அப்புறம் ஒன்று. சிறுவயதில் வீட்டுக்குள் நடந்ததையும் டொக்டரிடம் சொல்லுங்கள், மருந்தோடு பேச்சு சிகிச்சையும் தேவையா என்று அவர் பார்க்க அது உதவும். கிளினிக்கில் சனம் அதிகம், வாயால் சொல்ல வெட்கமாகவும் இருக்கும். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், நான் அப்படித்தான் கொடுத்தேன். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு எடுங்கள், இரவிலும் எடுக்கலாம்.