வில்லி பிராண்டும் ஒஸ்லோவும்

நாங்கள் நோர்வேக்கு வந்த காலத்தில கனபேர் ஸ்ருடன்ற் விசாவிலதான் வந்தது, நானும் அப்பிடித்தான், பிறகு வடக்கில மீன் பக்டரி, றப்பர் பூட்ஸுக்குள்ள ரெண்டு சோடி சொக்ஸ் போட்டாலும் கால் விறைச்சுப் போகும், அதுக்குப் பிறகுதான் ஒஸ்லோ. இங்க மொழி வகுப்பில ரீச்சர் சொல்லித்தான் தெரியும், ஜெர்மன் சான்சலரா, அதாவது அரசாங்கத் தலைவரா, இருந்த வில்லி பிராண்டும் இந்த ஊருக்கு அகதியா வந்தவராம்.

ஆளின்ர சொந்தப் பேர் ஹெர்பெர்ட் ஃபிராம், லூபெக்கில பிறந்தவர். இடதுசாரிக் கட்சிக்காரன், 19 வயசுப் பெடியன், 1933 ஏப்ரலில நாஜிகளிட்ட இருந்து தப்பி மீன்பிடி வள்ளத்தில டென்மார்க் போய் அங்கயிருந்து ஒஸ்லோ வந்தவர். வில்லி பிராண்ட் எண்டது தலைமறைவுக்கு வைச்ச பேர். அரசியல் செய்யக்கூடாது எண்டு சொல்லித்தான் இங்க இருக்க விட்டவங்கள், ஆள் கேட்டால்தானே! மொழியையும் டக்கெண்டு பிடிச்சு, தொழிற்கட்சிப் பேப்பர் ஆர்பைடர்பிளாடெட்டுக்கு எழுதத் துவங்கீட்டார். எனக்கு இப்பவும் போனில கதைச்சா ரெண்டாம்தரம் கேக்கினம். 1936ல நோர்வேக்காரன் ஒருத்தன்ர பேரில பெர்லினுக்கே போய் ரகசிய வேலை செய்துபோட்டு வந்தவர், எங்கட ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1938ல ஜெர்மனி குடியுரிமையைப் பறிச்சுது. 1940ல ஜெர்மன் ஆமி நோர்வேக்குள்ள வர, நோர்வே யூனிபோமோட பிடிபட்டார், ஆர் ஆளெண்டு ஒருத்தனுக்கும் பிடிபடேல்ல, கொஞ்ச நாளில விட்டிட்டாங்கள். அப்பிடியே சுவீடனுக்கு ஓடினார், நோர்வே குடியுரிமை அங்க வைச்சுத்தான் கிடைச்சது. சண்டை முடிய நாஜித் தலைவர்களை விசாரிச்ச நூரெம்பேர்க் வழக்கை ஸ்கண்டிநேவியப் பேப்பருகளுக்கு எழுதினார், 1948ல திரும்ப ஜெர்மன்காரன்.

அதுக்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்காது. 1961ல மேற்கு பெர்லின் மேயரா இருந்துகொண்டு சான்சலர் பதவிக்கு நிக்கேக்கை, அப்ப சான்சலரா இருந்த அடெனவர் மேடையில பழைய பேரைக் கிண்டினார், அவற்ற மந்திரி ஸ்ட்ராவுஸ் ஹிட்லர் காலத்தில வெளியில இருந்த 12 வருசமும் என்ன செய்தனீர் எண்டு கேட்டார். ஊருக்குப் போனா எங்களையும் கேக்கிறவைதான், நீங்கள் வெளியில சுகமா இருந்தனீங்கள்தானே எண்டு. அதுகள் செல்லடிக்குள்ள கிடந்த சனம், கேக்கலாம், நானும் தலையைக் குனிஞ்சுகொண்டு நிப்பன். ஆனா ஸ்ட்ராவுஸ் ஹிட்லற்ற ஆமியில ஒபிசரா இருந்த மனிசன், அவருக்கு என்ன வாய் இருக்கு இதைக் கேக்க? அந்தத் தேர்தலில பிராண்ட் சான்சலராக ஏலாமப் போச்சு, அது 1969லதான் நடந்தது. 1971ல ஒஸ்லோவுக்கு வந்து சமாதான நோபல் வாங்கினவர், பேச்சில ஸ்கண்டிநேவியாவுக்கு நன்றி சொல்லவும் மறக்கேல்ல.