இரண்டு குவெரியும் ஒரே விடை தருகிறதா?

3 மார்ச் 2026, செவ்வாய்

ஆர்டர் செய்தவர்கள், ஆனால் ஒருமுறைகூடப் புகார் தராதவர்கள். இந்தப் பட்டியலுக்கான பழைய குவெரி (தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் எஸ்கியூஎல் கட்டளை) ஓடி முடியப் பல நிமிடங்கள் ஆகின்றன. அதில் ஒரு இன் (IN, பட்டியலில் இருப்பவர்), ஒரு நாட் இன் (NOT IN, பட்டியலில் இல்லாதவர்). முதலாவதை ஜாயின் (இரு அட்டவணைகளின் பொருந்தும் வரிகளை இணைப்பது) ஆகவும், இரண்டாவதை நாட் எக்ஸிஸ்ட்ஸ் (பொருந்தும் வரி எதுவும் இல்லையா என்று பார்ப்பது) ஆகவும் மாற்றி எழுதினேன். சில வினாடிகளில் முடிந்துவிட்டது. சரி, வேகம் வந்தது; விடை மாறாமல் இருக்கிறதா?

தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரெஸ் என்பதால் எக்ஸெப்ட் (ஒரு விடையிலிருந்து மற்றதன் வரிகளைக் கழிப்பது) போட்டுப் பார்த்தேன். பழையதிலிருந்து புதியதைக் கழித்து, புதியதிலிருந்து பழையதைக் கழித்து, இரண்டையும் யூனியன் ஆல் போட்டு இணைத்தேன். ஒரு வரிகூட வரவில்லை. நிம்மதியாகக் கணினியை மூடினேன்.

4 மார்ச், புதன்

காலையில் அந்தச் சோதனையை மறுபடி படித்தபோதுதான் அடைப்புக்குறி போடாதது தெரிந்தது. எக்ஸெப்டும் யூனியனும் ஒரே முன்னுரிமை கொண்டவை; இடமிருந்து வலமாகத்தான் கணக்கிடப்படும். அதனால் கடைசி எக்ஸெப்ட், அதுவரை சேர்ந்த எல்லாவற்றிலிருந்தும் பழைய குவெரியின் வரிகளைக் கழித்துவிடுகிறது. பழையதில் மட்டும் உள்ள வரி ஒருநாளும் வெளியே வராது.

உறுதிசெய்ய, புதிய குவெரியின் முடிவில் 'அண்ட் ஃபால்ஸ்' சேர்த்து ஓட்டினேன். ஒன்றுமே தராத குவெரிக்கும் என் சோதனை வெற்று விடைதான் கொடுத்தது. இனிமேல் ஒரு சோதனையை நம்புவதற்கு முன், வேண்டுமென்றே கெடுத்த குவெரியை அது பிடிக்கிறதா என்று பார்ப்பேன்.

அடைப்புக்குறி போட்ட பிறகும் விடை வெற்றுதான். ஆனால் வரிகளை எண்ணினால் புதியதில் அதிகம்! மூன்று ஆர்டர் போட்டவர் ஜாயினால் மூன்று முறை வருகிறார். எக்ஸெப்ட் கழிக்கும்போதே ஒரே மாதிரியான வரிகளை ஒன்றாக்கிவிடுவதால் இந்த வித்தியாசம் அதற்குத் தெரியவே தெரியாது.

5 மார்ச், வியாழன்

ஜாயினை எடுத்துவிட்டு எக்ஸிஸ்ட்ஸ் போட்டேன். இப்போது எண்ணிக்கையும் ஒன்று.

அது மட்டும் போதாது. ஒரு பக்கம் 1, 1, 2. மறுபக்கம் 1, 2, 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மூன்று வரிகள், எக்ஸெப்டும் இரு திசையிலும் வெற்று, ஆனால் விடை வேறு. இங்கே தேவை எக்ஸெப்ட் ஆல். எத்தனை முறை வந்தது என்பதையும் அது கணக்கில் வைத்துக் கழிக்கும். எஸ்கியூஎல் சர்வர் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் எக்ஸெப்டுக்கு ஆல் கிடையாது. அங்கே இரு பக்கமும் எல்லா நெடுவரிசைகளையும் குரூப் பை செய்து (ஒரே மாதிரியான வரிகளைத் தொகுத்து), கூடவே எண்ணிக்கையையும் ஒரு நெடுவரிசையாக வைத்து, அப்புறம் எக்ஸெப்ட் போடலாம்.

இரண்டையும் தனித்தனியாக ஓட்டி ஒப்பிடுவதை விட்டுவிட்டேன். நடுவில் யாராவது ஒரு ஆர்டர் போட்டால் இல்லாத வித்தியாசம் தெரியும். ஒரே ஸ்டேட்மென்டுக்குள் (ஒரே கட்டளைக்குள்) வைத்தால் இரண்டும் தரவின் ஒரே நிலையைப் பார்க்கின்றன.

9 மார்ச், திங்கள்

எக்ஸெப்ட் ஆல் இரு திசையிலும் வெற்று. இருந்தும் மனம் கேட்கவில்லை. இன்றைய தரவில் ஒத்துப்போனது என்பது மட்டும்தானே இதற்குப் பொருள்? எனவே காலியான டேட்டாபேஸில் கையால் சில வரிகள் போட்டேன்: ஆர்டரே இல்லாதவர், மூன்று ஆர்டர் உள்ளவர், புகார் தந்தவர், கடைசியாக வாடிக்கையாளர் எண் நல் (NULL, மதிப்பே இல்லாத காலி இடம்) ஆக இருக்கும் ஒரு புகார்.

அந்தக் கடைசி வரியில் உடைந்தது. பழைய குவெரி ஒருவரைக்கூடத் தரவில்லை. புதியது சரியாகத் தந்தது. நாட் இன் பட்டியலில் ஒரு நல் இருந்தால், 'இவர் அதில் இல்லை' என்பது யாருக்கும் உண்மை ஆகாது; ஒன்று பொய், இல்லாவிட்டால் தெரியாது. வரிகளை வடிகட்டும் வேர் (WHERE) இரண்டையுமே தள்ளிவிடும். நாட் எக்ஸிஸ்ட்ஸ் பொருந்தும் வரி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதால் தப்பிக்கிறது.

உண்மையான தரவில் அப்படி ஒரு புகார் இன்னும் இல்லை, ஆனால் அந்த நெடுவரிசை நல்லை அனுமதிக்கிறது. பெயர் தெரியாதவர் ஒரு புகார் தந்தால் அறிக்கை முழுவதும் காலியாகும், அதுவும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல்.

10 மார்ச், செவ்வாய்

எந்தத் தரவுக்கும் இரண்டும் ஒன்றே என்று இயந்திரமே சொல்லிவிடாதா என்று தேடிப் படித்தேன். தேர்வும் ஜாயினும் மட்டும் உள்ள எளிய குவெரிகளுக்கு முடியும் என்று 1977இல் சந்திரா, மெர்லின் என்ற கணினி அறிவியலாளர்கள் காட்டினார்கள், அதுவும் கடினமான கணக்கு. கழித்தலும் மறுப்பும் (எக்ஸெப்ட், நாட் போன்றவை) கலந்துவிட்டால், எல்லாக் குவெரிகளுக்கும் பொதுவான வழிமுறையே இருக்க முடியாது. 1950இல் ட்ராக்தன்பிராட் என்ற கணித அறிஞர் நிறுவிய தேற்றத்திலிருந்து இது வருகிறது. என்னுடையதில் மறுப்பு இருக்கிறது. ஆகவே இரண்டும் எங்கே பிரியும் என்று யோசித்து, அந்த வரிகளை நானேதான் எழுத வேண்டும்.

அறிக்கையைப் பயன்படுத்துபவர்களிடம் நல் விஷயத்தைச் சொன்னேன். பெயரில்லாப் புகார் யாரையும் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது என்றார்கள். புதிய குவெரி இன்று மாலை பயன்பாட்டுக்கு வந்தது. கையால் எழுதிய வரிகளும் அதோடு சோதனையாகச் சேர்ந்திருக்கின்றன. நல் வரியில் மட்டும் எதிர்பார்க்கும் விடை பழைய குவெரியுடையது அல்ல என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன்.