அம்மாவின் நாலு கோடு நோட்டு

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து என் மகளிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு மாத்திரை அட்டைகள், ஒன்று சர்க்கரைக்கு, இன்னொன்று பிரஷருக்கு. இத்தனை நாளும் அட்டையின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறாள். போன மாதம் கடையில் வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்துவிட, நிறம் மாறிப்போய், பிரஷர் மாத்திரையையே இரண்டு நாள் காலையிலும் ராத்திரியிலும் போட்டிருக்கிறாள். தலை சுற்றி உட்கார்ந்த பிறகுதான் பக்கத்து வீட்டில் காட்டிக் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே படிக்க வரும். ஆனால் அந்த அட்டையில் தமிழ் ஒரு எழுத்துகூடக் கிடையாது. "அடுத்தவங்களக் கேட்டு மாத்திரை போடுற பொழப்பு வேணாம், எனக்கு ஏபிசிடி சொல்லிக்குடு" என்று பேத்தியைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். வயது 68.

"அப்பத்தா, இது ஏ. ஆம்லோடிபின், பிரஷருக்கு. இது எம். மெட்ஃபார்மின், சர்க்கரைக்கு." அம்மா ஏ எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏணி மாதிரி இருக்கு. நடுவுல ஒரு படி. ஏ-ன்னா ஏணி, சரி." எம் எழுத்துக்கு, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கூரை வீடுகள். அரை மணி நேரத்தில் இரண்டு அட்டையையும் முதுகுக்குப் பின்னால் கலைத்துப் போட்டு, எடுத்து, சரியாகச் சொன்னாள். என் மகளுக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு அவ்வளவு இல்லை. அம்மா படிக்க உட்கார்ந்ததை நான் ஏற்கனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

எங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம். 1991-ல் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க அங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது அம்மாவுக்கு முப்பத்து நாலு வயது, எனக்குப் பதினொன்று. அதுவரை அம்மாவின் கணக்குப் புத்தகம் அடுப்படிச் சுவர்தான். கடலை பறிக்கப் போன நாளுக்கு அடுப்புக்கரியால் ஒரு கோடு, ஐந்து கோட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு. வெள்ளையடித்தால் கணக்கும் போய்விடும். கூலி தருபவர் சொன்னதுதான் நாள், அவர் எண்ணியதுதான் காசு.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், வேலையெல்லாம் முடிந்து, பள்ளிக்கூட வராந்தாவில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பாடம். சொல்லிக்கொடுத்தது பிளஸ் டூ முடித்த ஒரு அக்கா, சம்பளம் எதுவும் கிடையாது. தன் வயதில் பாதிதான் இருக்கும் அந்தப் பெண்ணை அம்மா கடைசிவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். அ, ஆ என்று வரிசையாக ஆரம்பிக்கவில்லை. 247 எழுத்தையும் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினால் முதல் வாரமே பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். ட, ப, ம என்று கோடு கோடாக வரும் எழுத்துகள் முதலில், அதோடு அவர்கள் வாயில் தினமும் புழங்கும் சொற்கள். அம்மா தானாகக் கேட்டு எழுதிப் பழகிய சொல் "பட்டா". எங்களுக்கு நிலம் இருந்ததில்லை. இருந்தாலும் அந்தச் சொல்லை எழுதத் தெரிய வேண்டும் என்றாள்.

எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது அவள் கை. களைக்கொத்து பிடித்த கை அது, பிடி தளராது. சிலேட்டுக் குச்சியையும் அப்படியே பிடிப்பாள். 'பட்டா'வில் வரும் புள்ளியை வைக்கும்போது டக்கென்று குச்சி உடையும். ஒரு ராத்திரிக்கு மூன்று நான்கு குச்சி. என் பள்ளிக்கூடக் குச்சிகளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள் என்று நான் அழுதிருக்கிறேன். அழுத்தாமல் எழுத அவளுக்கு இரண்டு மாதம் ஆனது. எழுத்தைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது என்று பின்னால் சொன்னாள்.

அப்புறம் சைக்கிள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று மாவட்டம் முழுக்க நடந்த வேலை அது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான், அதுவும் வாடகைக்கு. வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுவாள், நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். கரையில் நின்று ஊரே பார்க்கும். "பிள்ளை பெத்தவளுக்குச் சைக்கிள் கேக்குதாக்கும்" என்று ஒருவர் சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டிருக்கும். அன்றைக்கு நாலு தடவை விழுந்தாள், முழங்கை தோல் உரிந்து ரத்தம். எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "பிடி தம்பி" என்றாள். அவ்வளவுதான். அடுத்த மாசிக்குள் முன்பாரில் தங்கச்சியும் பின்னால் தண்ணிக்குடமுமாக அதே கரைமேல் போய்க்கொண்டிருந்தாள்.

வயது ஏறினால் மண்டையில் ஏறாது என்பார்கள், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பழமொழியும் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018-ல், 96 வயதில், அந்த மாநில எழுத்தறிவுத் தேர்வை எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். பெரியவர்களைத் தடுப்பது மூளை இல்லை, கூச்சம். தெரியாமல் முழிப்பதை நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம். குழந்தைக்கு அது கிடையாது, தப்பாகச் சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் மறுபடி கையைத் தூக்கும். நமக்கு ஒரு பெயர், பதவி, மரியாதை எல்லாம் சேர்ந்துவிடுவதால், 'எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடு' என்ற வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

என் தொண்டையிலும் நின்றது. நான் கணக்கு எழுதுகிறவன். தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1-ல் வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி வந்ததிலிருந்து பத்து வருஷம் அதிலேயே ஊறி, எந்தச் சரக்குக்கு என்ன வரி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 2017 ஜூலை 1, ஜிஎஸ்டி வந்தது. ரிட்டர்ன், சரக்குக் குறியீடு, உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ளும் முறை, எல்லாம் வேறு. ஆபீஸில் எனக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த பெண் அதைப் படித்துவிட்டு வந்திருந்தாள். என்னிடம் வந்து அவள் சந்தேகம் கேட்க வேண்டும், அதுதானே முறை என்று மனதில் ஓடுகிறது. மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக நானே முட்டி மோதினேன். முதல் ரிட்டர்னில் கணக்கு உதைத்தது. அன்றைக்குத்தான் அந்தக் கண்மாயும் முழங்கை ரத்தமும் "பிடி தம்பி"யும் ஞாபகம் வந்தன. எழுந்து அவள் மேசைக்குப் போய், "எனக்கு இது புரியலம்மா, ஆரம்பத்துல இருந்து சொல்லு" என்றேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் முகத்தில் நான் பயந்த எதுவுமே இல்லை. மதியத்துக்குள் பாதி விளங்கிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எனக்கு வருத்தமான விஷயம். அம்மாவோடு அந்த வராந்தாவில் பதினைந்து இருபது பேர் படித்தார்கள். இன்று அவர்களில் வாசிக்கிறவர்கள் ஐந்தாறு பேர்தான். மற்றவர்களுக்குக் கையெழுத்து நிற்கிறது, மற்றதெல்லாம் போய்விட்டது. அவர்கள் மந்தமானவர்கள் இல்லை, சிலர் அம்மாவைவிடச் சீக்கிரம் படித்தவர்கள். வகுப்பு நின்ற பிறகு அவர்கள் வீட்டில் வாசிக்க ஒரு தாள் இல்லை, எழுத ஒரு காரணமும் இல்லை. அம்மாவுக்குக் காரணம் இருந்தது. சுவரில் கிழித்த கோடுகளை நோட்டுக்கு மாற்றிவிட்டாள். தேதி, யார் கொல்லை, எத்தனை படி கடலை, எவ்வளவு கூலி. ஒருமுறை மூன்று நாள் கூலி குறைந்தபோது நோட்டைக் கொண்டுபோய் விரித்து வைத்து வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் எனக்கும் கணக்கில் பிடிப்பு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக இப்போதும் திட்டங்கள் இருக்கின்றன, தன்னார்வலர்கள் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தேர்வு முடிந்த மறுநாள் அந்த அம்மா எதை வாசிப்பார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

புதன்கிழமை ராத்திரி அம்மாவிடமிருந்து போன். மெட்ஃபார்மின் முழுசும் எழுத வந்துவிட்டதாம், ஆர் மட்டும் காலை நீட்டிக்கொண்டு நிற்கிறதாம். அட்டைகள் முடிந்ததும் அடுத்து ரயில் பெட்டி. போன தடவை மெட்ராஸ் போனபோது எஸ் எது, பி எது என்று பிளாட்பாரத்தில் மூன்று பேரைக் கேட்க வேண்டியிருந்ததை அவள் மறக்கவில்லை.

"வரும்போது நாலு கோடு நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வா தம்பி. இந்த ரெட்டைக் கோட்டுல இங்கிலீஷ் எழுத்து மேலயும் கீழயும் ஓடுது."