லங்காவியில் புரொப்பெல்லர் மாற்றிய அனுபவம்

எங்கள் 36 அடி பாய்மரப் படகில் இருந்த மூன்று இதழ் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, இதழ்கள் தானாகத் திரும்பிக்கொள்ளும் வகையைப் போட்டோம். அதன்பிறகு மலேசியாவின் லங்காவித் தீவுக்கும் பினாங்குக்கும் இடையே நிறைய ஓடிப் பார்த்தாகிவிட்டது.

மலாக்கா நீரிணையில் பாய் ஓட்டுபவர்களுக்குத் தெரியும், அங்கே பிரச்சினை மென்காற்றுதான். வடகிழக்குப் பருவத்தில் லங்காவிப் பக்கம் நன்றாக வீசும். தெற்கே போகப்போக ஆறேழு நாட் (மணிக்கு ஆறேழு கடல்மைல்) காற்று கிடைத்தாலே பெரிது. அந்த நேரத்தில் பழைய புரொப்பெல்லரின் அகன்ற இதழ்கள் தண்ணீரை மறித்துக்கொண்டு நிற்கும். பாயில் ஓடும்போது புரொப்பெல்லரைக் கியரில் போட்டுப் பூட்டிவைப்பதை விடச் சுற்றவிட்டால் இழுவை குறைவு என்று ஸ்காட்லாந்தின் ஸ்டிராத்கிளைட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2008இல் காட்டியது. நாங்களும் சுற்றத்தான் விட்டோம். ஆனால் என்ஜினையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் தண்டான ஷாஃப்டின் முனகல் பின் அறையில் இரவெல்லாம் கேட்கும். பேரிங்கும் சீலும் வீணாகத் தேயும்.

புது வகையில் நடுக்குமிழுக்குள் சாய்வுப் பற்சக்கரங்கள் இருக்கின்றன. என்ஜின் ஷாஃப்டைச் சுற்றும்போது இதழ்கள் குறிப்பிட்ட கோணம்வரை திரும்பி நின்று தள்ளும். ஷாஃப்ட் நின்று படகு பாயில் ஓடினால், தண்ணீரே இதழ்களை நீரோட்டத்துக்கு நேராகத் திருப்பிவிடும். ரிவர்ஸில் இதழ் முழுக்கத் திரும்பி அதே முன்விளிம்பு தண்ணீரை வெட்டுவதால், பின்தள்ளும் விசை முன்பைவிட நன்றாகக் கிடைக்கும். பின்பக்கமாக மடியும் வகைக்கு விலையும் குறைவு, இழுவையும் இன்னும் கொஞ்சம் குறைவு. ஆனால் எங்கள் மரினாவில் (படகுத்துறையில்) நீரோட்டம் குறுக்கே பாயும். நம்பி நிறுத்த நல்ல ரிவர்ஸ் வேண்டும். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

படகைக் கரையேற்றியதும் பழையதை இழுத்துக் கழற்றும் கருவி போட்டுத்தான் கழற்றினோம். சுத்தியலால் தட்டினால் அந்த அடி நேராகக் கியர்பாக்ஸுக்குப் போகும். அப்புறம் ஷாஃப்டின் கூம்பு முனையைச் சுத்தமாகத் துடைத்து, சாவிக்கட்டை (குமிழ் ஷாஃப்டில் வழுக்காமல் பூட்டும் சிறு உலோகக் கட்டை) இல்லாமல் புது நடுக்குமிழை ஏற்றி, அது எங்கே உட்காருகிறது என்று பேனாவால் கோடு போட்டேன். பிறகு சாவிக்கட்டையை வைத்து மறுபடி ஏற்றினால் அதே கோட்டுக்கு வரவேண்டும். வரவில்லை, ஒரு மயிரிழை முன்னாடியே நின்றது. கட்டை குமிழைத் தூக்கிப் பிடிக்கிறது என்று அர்த்தம். அப்படியே நட்டை முறுக்கினால் கூம்பு சரியாகப் பிடிக்காது, ஓட ஓட ஆடத் தொடங்கும். கட்டையின் மேல்பக்கத்தை அரத்தால் மெல்ல மெல்லத் தேய்த்து, கோட்டுக்கு வந்தபிறகே கிரீஸ் அடைத்து மூடினோம். மொத்த வேலையிலும் அதிக நேரம் பிடித்தது இதுதான், பிடிக்கவும் வேண்டியதுதான்.

எங்கள் என்ஜின் யான்மார் 3ஒய்எம்30. சுமையோடு முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 3600 சுற்றை ஒட்டி வரவேண்டும். தயாரிப்பாளர் கணக்குப் போட்டுத் தந்த கோணத்தில் 3300ஐத் தாண்டவில்லை. அதாவது இதழ் அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கிறது, என்ஜின் திணறுகிறது. கோணத்தை வெளியிலிருந்தே மாற்றும் அமைப்பு இருந்ததால், மூழ்கிப் போய் ஒரு படி குறைத்தேன். இப்போது 3550 வருகிறது.

இதழைத் திருப்பவும் ஒரு முறை இருக்கிறது. பாயில் மூன்று நாட் வேகம் வந்ததும், என்ஜின் முன்கியரில் மெதுவாக ஓடும்போதே அணைக்க வேண்டும். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து அணைத்தால் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், இதழ் திரும்பாது. அணைத்தபிறகும் சுற்றினால் ரிவர்ஸில் ஒருகணம் போட்டால் நிற்கும். ஷாஃப்டில் வெள்ளை டேப் சுற்றி வைத்திருக்கிறோம். தரைப்பலகையைத் தூக்கி டார்ச் அடித்தால் நின்றதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஷாஃப்ட் நின்றதும் மனைவி வேகமானியைப் பார்த்துச் சொல்வாள், எண் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

பலமான காற்றில் படகு ஏற்கெனவே தன் உச்சத்தை ஒட்டி ஓடுவதால் பெரிய வித்தியாசமில்லை. ஏழு நாட் காற்றில்தான் விஷயமே: முன்பு இரண்டரை நாட் போன படகு இப்போது மூன்றைத் தாண்டுகிறது. காற்றுக்கு எதிராகத் திருப்பும்போதும் வேகம் சாகாமல் மறுபக்கம் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் இரண்டரைக்கு இறங்கியதும் பொறுமை இழந்து என்ஜினைப் போடுவோம். இப்போது அதே காற்றில் பாயிலேயே போகிறோம், டீசல் மிச்சமாகிறது. எனக்கு இந்த மாற்றம் இதற்காகவே தகும்.

குறையும் உண்டு. இதழ்கள் முறுக்கில்லாமல் தட்டையாக இருப்பதால், அதே சுற்றில் என்ஜினில் ஓடும் வேகம் கால் நாட் அளவு குறைந்திருக்கிறது. முன்கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது இதழ் திரும்பும் ‘டொக்’ கேட்கும். என்ஜின் மிக மெதுவாகச் சுற்றும் ஐடிலில்தான் மாற்ற வேண்டும். ரிவர்ஸ் போட்டதும் பின்பக்கம் இடப்புறம் இழுக்கும் பழக்கமும் முழுதாகப் போகவில்லை.

பராமரிப்பில் சோம்பல் கூடாது. இந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) சீக்கிரம் ஒட்டும். இதழின் அடியில் கொஞ்சம் ஒட்டினாலே திரும்புவது தடைபடும், அதனால் மூழ்கிச் சுரண்டிவிடுகிறோம். குமிழின் நுனியில் உள்ள துத்தநாக அனோடையும் (மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரையும் துண்டு) அப்போதே பார்ப்போம். பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுவது வழக்கம். வருடம் ஒருமுறை கிரீஸ் போட வேண்டும். அடுத்த கரையேற்றத்தில் இதழ்களுக்கு சிலிக்கோன் பூச்சு அடித்துப் பார்க்க எண்ணம், கொட்டலசு எவ்வளவு குறைகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.