பழைய 'லை' வந்துவிட்டது

இந்த வாரம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை, மசாலாப் பொடி லேபிள் என்று காசுக்கான வேலைதான். இன்று காலை 5 மணிக்கே எழுந்து என் சொந்த எழுத்துருவைத் திறந்தேன். 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, ளை, னை நான்கையும், யானை தும்பிக்கையைத் தூக்கிய மாதிரி இருக்குமே, அந்த வளைவோடு வரைந்து முடித்துவிட்டேன். 'லை'தான் ரொம்பப் படுத்தியது, சின்ன அளவில் வளைவு அடைத்துக்கொள்கிறது, தடிமனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 12 தடவை பிரிண்ட் எடுத்த பிறகே கண்ணுக்குச் சரியாக வந்தது. அம்மாவின் பழைய நோட்டில் பார்த்துப் பழகிய எழுத்து, விட மனசு வரவில்லை.

அடுத்து, அதே சீர்திருத்தத்தில் வடிவம் மாறிய ணா, றா, னா. 1978க்கு முந்தைய கடைப் பலகை, பத்திரிகைப் படங்கள் வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள், எனக்குப் பெரிய உதவியாக இருக்கும். அப்புறம், லேபிள் நாளை சிவகாசிக்குப் போகணும், இன்னும் சிஎம்ஒய்கே-வுக்கு (அச்சுக்கான நான்கு வண்ண முறை) மாற்றவில்லை, வருகிறேன்.