தேக்குக் கப்பலுக்கு வெட்பாலை

ஆனைமலைத் தேக்கைச் சரிவில் உருட்டிவிட்ட இடம்தான் டாப்ஸ்லிப். 19ஆம் நூற்றாண்டில் அந்த மரம் பம்பாய்க் கப்பல் துறை வரைக்கும் போனது. அதனால் பொள்ளாச்சி, கோவைப் பக்கம் பாய்மரக் கப்பலின் சின்ன மாதிரியை மரத்தில் செய்ய உட்காருபவர்களுக்குத் தேக்கின் மேல்தான் முதலில் கை போகும். அதிலும் எடுத்துக்கொண்டது எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி என்றால் கேட்கவே வேண்டாம். திருகோணமலையின் பெயர் தாங்கிய இந்தப் போர்க்கப்பலை 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டினார்கள். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் நிற்கிறது.

ஆனாலும் மாதிரிக்குத் தேக்கு வேண்டாம். தேக்கில் துளைகள் 0.3 மி.மீ. வரை இருக்கும். 1:64 அளவில், அதாவது நிஜக் கப்பலில் 64இல் ஒரு பங்காகச் செய்யும்போது, அதைப் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 2 செ.மீ. நிஜப் பலகையில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை அது. தேக்கின் எண்ணெய்ப்பசையில் ஃபெவிகாலும் சரியாகப் பிடிக்காது.

நம் காட்டு வேலிகளில் தானாக முளைத்து நிற்கும் வெட்பாலைதான் இதற்கு ஏற்ற மரம். சன்னபட்டணப் பொம்மை கடைவதும் இதில்தான். வெள்ளை மரம், இழை அவ்வளவு நெருக்கம். வெட்டிய கட்டையைச் சும்மா போட்டுவைத்தால் நீலம் பாய்ந்துவிடும். உடனே அறுத்து, நடுவில் குச்சி கொடுத்து, நிழலில் காற்றாட அடுக்குங்கள். பிறகு 1.5 மி.மீ. கனம், 5 மி.மீ. அகலம், 80 செ.மீ. நீளத்தில், கப்பலின் உடலை மூட, பட்டிகள் வேண்டும். பக்கத்துக்கு 28, உடைவதையும் சேர்த்து 70. ரம்பம் 1 மி.மீ. தின்றாலே நூற்றுக்கு நாற்பது பங்கு மரம் தூளாகிவிடும், அதையும் கணக்கில் வைத்து வாங்குங்கள்.

ஐப்பசி மழையில் பட்டி ஒட்டினால் பங்குனி வெயிலில் இடைவெளி விடும். 28 பட்டி சேர்ந்தது 140 மி.மீ. அதில் நூற்றுக்கு ஒன்று சுருங்கினாலே 1.4 மி.மீ. போய்விட்டது. மாசி, பங்குனியில் ஒட்டுவதே நல்லது. பட்டிகளை ஒரு மாதம் வேலை செய்யும் அறையிலேயே வைத்திருங்கள்.

மாதிரியின் பீரங்கித் தளம் சுமார் 72 செ.மீ. ஏராவுக்கு, அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக்கு, 6 மி.மீ. பிளைவுட், அதன் குறுக்கே விலா எலும்பு மாதிரி நிற்கும் வங்குகளுக்கு 4 மி.மீ., 35 மி.மீ.க்கு ஒன்று. பட்டியைத் தொடுவதற்கு முன் வங்குகளின் விளிம்பைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கப்பல் கெட்டது. விளிம்பு முழுக்கப் பென்சிலால் கறுப்படித்து, மூன்று வங்குகளையாவது ஒருசேரத் தொடும் நீளமான சட்டத்தில் 120ஆம் நம்பர் உப்புத்தாள் ஒட்டித் தேயுங்கள். சின்னக் கட்டையால் தேய்த்தால் ஒவ்வொரு விளிம்பும் தனித்தனியாக உருண்டுவிடும். அணியத்தில், அதாவது முன்மூக்கில், சாய்வு அதிகம். அங்கே முன்பக்க விளிம்பு நிறையவே போகும், பயப்பட வேண்டாம். ஒரு பட்டியை மேலே படியவைத்தால் எல்லா விளிம்பிலும் வெளிச்சம் தெரியாமல் உட்கார வேண்டும்.

பட்டிக் கணக்கு இப்படி: நடுவில் 140 மி.மீ., 28 பட்டி, தலைக்கு 5. அணியத்தில் சுற்றளவு 84 மி.மீ.தான் என்றால் அங்கே ஒவ்வொன்றும் 3 மி.மீ.க்குக் குறுக வேண்டும். பாதி அகலமான 2.5க்குக் கீழே இறக்காதீர்கள், முனை கிழியும். அப்படி வந்தால் இரண்டு பட்டியை ஒன்றாக்குங்கள். அமரத்தில், அதாவது பின்புறத்தில், இதற்கு நேர்மாறு, இடம் விரியும், ஆப்புப் பட்டி செருக வேண்டும். ஏராவை ஒட்டிய முதல் பட்டியை மூக்கில் மேலே ஏறவிட்டால் அடுத்தடுத்த பட்டிகள் எல்லாம் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

வளைக்க, வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் மெதுவாக இழுங்கள். ஈரத்தோடு ஒட்டாதீர்கள். இடம் வலம் மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரே பக்கம் முடித்தால் ஏரா வில்லாக வளைந்துவிடும்.

நீர்மட்டத்துக்குக் கீழே செம்புத் தகடு வரும், பிழை மறைந்துவிடும் என்று விடக் கூடாது. தகடு மேடு பள்ளத்தை இன்னும் எடுத்துக் காட்டும். இருட்டியபின் விளக்கை அணைத்து, டார்ச்சை மரத்தோடு ஒட்டிப் படுக்கையாகப் பிடியுங்கள். நிழல் விழும் இடமெல்லாம் பள்ளம். பென்சிலால் வட்டமிட்டு, அதே மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடையுங்கள்.