நுவரெலியாக் குளிரும் ஹைலக்ஸின் ஹீட்டர் பிளக்கும்

டிசம்பர் குளிர் இறங்கியதிலிருந்து எங்கள் ஹைலக்ஸ் கெப் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. 1990களின் வண்டி, டொயோட்டாவின் '3எல்' என்ற ரக டீசல் என்ஜின், 2779 சிசி. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், சைலன்சரில் வெள்ளைப் புகை குப்குப்பென்று வரும், ஆனால் என்ஜின் பிடிக்காது. பிடித்தாலும் இரண்டு சிலிண்டரில் தடுமாறி ஓடி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் நான்கும் ஒன்றாகச் சேரும். வெயில் ஏறிய பிறகு ஒரு குறையும் இல்லை, அரைச் சுற்றில் பிடிக்கும். கந்தப்பளையில் லீக்ஸும் கரட்டும் ஏற்ற இருட்டோடு கிளம்ப வேண்டிய வண்டி என்பதால் இதை அப்படியே விட முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 வரை மறுபடி விடாததால் கையில் இருக்கிற பழைய கெப்பை எல்லோரும் பார்த்துப் பார்த்துத்தான் வைத்திருக்கிறோம், இதே எல் வகை என்ஜின் மலைநாட்டில் இன்னும் நிறைய ஓடுகிறது, யாருக்காவது உதவும் என்று செய்ததை எழுதுகிறேன்.

வெள்ளைப் புகை என்றால் டீசல் உள்ளே போகிறது, எரியாமல் ஆவியாக வெளியே வருகிறது என்று அர்த்தம். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை நெருக்கும்போது வரும் சூட்டில்தான் எண்ணெய் பற்ற வேண்டும். 3எல் என்ஜினில் காற்றை 22 மடங்குக்கு மேல் நெருக்குகிறது, ஆனாலும் டீசல் நேராக சிலிண்டருக்குள் போவதில்லை, சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டில் ஒரு சின்ன அறைக்குள் பீச்சப்படுகிறது. குளிர்ந்த இரும்பு அறை அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதைச் சமாளிக்கத்தான் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு ஹீட்டர் பிளக்கின் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே இன்னொன்றும் சேர்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம், காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். உள்ளே வருகிற காற்றே குறைவு, அதுவும் ஜில்லென்ற காற்று. துகள் உறைபனி விழுகிற காலையில் என்ஜின் எங்கே போய்ச் சூட்டைத் தேடும்?

கொழும்பில் ஒரு கராஜ் பாஸ் முன்பு சொன்னார், "தம்பி, ஹீட்டர் பிளக் எல்லாம் நம்ம நாட்டுக்குத் தேவையில்ல, வயரைக் கழற்றி விடுங்க." அவர் இருக்கும் இடத்துக்கு அது சரி, 28 டிகிரியில் பிளக் செத்திருந்தாலும் வண்டி பிடித்துவிடும், செத்தது யாருக்கும் தெரியாது. அதே வண்டியை மலைக்குக் கொண்டுவந்து, பிடிக்கவில்லை என்று ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் துணியைப் பிடிப்பதும் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பதும்தான் எனக்குக் கோபம் வருகிற விஷயம். ஹீட்டர் வேலை செய்கிற என்ஜினில் அந்த ஸ்ப்ரே நேரம் கெட்ட நேரத்தில் வெடிக்கும், பிஸ்டன் ரிங்கும் ரிங் பிடிக்கும் பள்ளமும் உடையும். நாலு பிளக்கின் காசை மிச்சம் பிடிக்கப் போய் என்ஜின் இறக்கிய வண்டிகள் உண்டு.

பிளக்கில் கை வைப்பதற்கு முன் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். டாஷ்போர்டில் சுருள் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தால் எல்லாம் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விளக்கு டைமரின் பேச்சைக் கேட்டு எரிகிறது, பிளக் சுட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. நான்கு பிளக்கும் செத்த வண்டியிலும் அது அழகாக எரிந்து அணையும். அதனால் மல்டிமீட்டரின் கறுப்பு வயரை என்ஜினிலும் சிவப்பு வயரை பிளக்குகளை இணைக்கும் தகட்டிலும் வைத்து, தம்பியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். பிளக்குகளுக்குக் கரண்ட் விடும் ரிலே 'டக்' என்றது, மீட்டரில் 11 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. ரிலேயும் ஃபியூசும் நல்லது என்று முடிவானது. நான்கு பிளக்கும் இழுத்தால் பெட்டரி இன்னும் இறங்கியிருக்கும், அவ்வளவாக இறங்காததே ஒரு துப்பு.

அப்புறம் பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, தகட்டைப் பிடித்திருக்கும் ரப்பர் மூடிகளையும் சின்ன நட்டுகளையும் எடுத்தேன். இன்ஜெக்டர் குழாய்களுக்கு நடுவில் கையை விட வேண்டும், நட் தவறினால் எங்கே போகுமென்று சொல்ல முடியாது, கீழே பழைய துணியை அடைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. தகடு வெளியே வந்ததும் ஒவ்வொரு பிளக்கையும் தனித்தனியாக அளக்கலாம். மீட்டரின் இரண்டு முனையையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, வயரின் சொந்த ஓமைக் கழித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நல்ல பிளக்கே ஒரு ஓம் பக்கம்தான் காட்டும். 1ஆம், 3ஆம் சிலிண்டர் பிளக்குகள் எதையும் காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்துவிட்டது. மற்ற இரண்டும் ஒரு ஓமைத் தொட்டன.

கழற்றுவதுதான் பயமான வேலை. பழைய பிளக்கின் நுனி வீங்கியிருந்தாலோ கரி பிடித்து இறுகியிருந்தாலோ அவசரப்பட்டுத் திருகினால் நுனி உடைந்து உள்ளே நின்றுவிடும், பிறகு ஹெட்டையே இறக்க வேண்டியதுதான். முந்தின நாள் மாலை பிளக்கின் திருகு நூலின் அடியில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தேன். காலையில் என்ஜினைச் சூடாக்கி, சூடு இருக்கும்போதே 12 மிமீ நீள சொக்கட்டைப் போட்டு, கால் சுற்று அவிழ்ப்பது, கொஞ்சம் திரும்ப இறுக்குவது, மறுபடி அவிழ்ப்பது என்று போனேன். கை சொல்லும். இறுக்கம் சீராகக் குறைந்தால் நல்லது, திடீரென்று ரப்பரைப் போல இழுத்தால் நிறுத்திவிட்டு இன்னும் எண்ணெய் விட வேண்டும். நான்காவது பின்சுவருக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடம், விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். அதுதான் அதிக நேரம் எடுத்தது, ஆனால் முழுசாக வந்தது, நுனி முழுக்கக் கறுத்த கரி.

வெளியே எடுத்ததும் ஓம் சரியாகக் காட்டிய இரண்டையும் வைஸில் கட்டி, ஜம்பர் கேபிளில் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றில் சில நொடியில் நுனி முதலில் சிவந்து, சிவப்பு மேல் நோக்கி ஏறியது, அது ஒழுங்கான பிளக். மற்றதில் நுனி கறுப்பாகவே இருக்க, நடுவில் உடம்புக்குப் பக்கத்தில் மங்கலாகச் சிவந்தது. மீட்டர் நல்லது என்று சொன்ன பிளக் டீசலுக்கு ஒரு பிரயோசனமும் இல்லாமல் இருந்ததை இப்படித்தான் பார்க்க முடிந்தது. ஆக நான்கில் ஒன்றுதான் உருப்படி.

புதிது வாங்குவதில் ஒரு கவனம் வேண்டும். இந்த எல் வகை என்ஜின்களுக்கு 12 வோல்ட் முறையில் வந்ததும் உண்டு, 6 வோல்ட் பிளக் போட்ட சீக்கிரம் சூடாகும் முறையும் உண்டு. 6 வோல்ட் பிளக்கை நேராக 12 வோல்ட்டில் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் எரிந்துபோகும், 12 வோல்ட் பிளக்கை 6 வோல்ட் முறையில் போட்டால் சூடு போதாது. நூலின் தடிமனும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் "ஹைலக்ஸ் ஹீட்டர் பிளக்" என்று மட்டும் கேட்டால் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பார்கள், அதனால் பழையதைக் கையோடு கொண்டுபோய், உடம்பில் அடித்திருக்கும் வோல்ட்டைப் பார்த்து, நூலையும் நுனியின் நீளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே நான்கு வாங்கினேன். ஒரே வயதுப் பிளக் நான்கும் ஒன்றாக இருப்பதே என் விருப்பம், இரண்டை மட்டும் மாற்றினால் அடுத்த குளிருக்கு மறுபடி கையை விட வேண்டி வரும்.

துளைகள் திறந்திருக்கும்போதே கம்பிரஷன், அதாவது சிலிண்டர் காற்றை நெருக்கும் அழுத்தம், பார்த்துவிடலாம், இந்த என்ஜினில் அதற்குச் சுலபமான வழி அந்தத் துளைதான். பம்பில் டீசலை நிறுத்தும் சோலனாய்டு வயரைக் கழற்றிவிட்டு, இரவல் வாங்கிய கேஜைத் திருகி ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். அப்படிச் சுற்றும்போது உள்ளே உதிர்ந்த கரியும் வெளியே பறந்தது, முகத்தை நீட்டிப் பார்க்கக் கூடாது. நான்கும் சதுர சென்டிமீட்டருக்கு 24, 25 கிலோ பக்கம் நின்றன. நல்ல என்ஜினுக்கு மேனுவல் 32 என்கிறது, 20க்குக் கீழே போனால் என்ஜினைக் கழற்ற வேண்டும். இந்த உயரத்தில் 32இல் ஐந்தில் நான்கு பங்கு என்றால் 25 சொச்சம், அந்தக் கணக்கில் என்ஜின் நல்ல நிலைமையில்தான் இருக்கிறது. எனக்கு உண்மையில் பெரிய நிம்மதி இதுதான்.

பூட்டுவது சுலபம். நூலில் மட்டும் ஒரு பூச்சு ஆன்டிசீஸ் (நூல் இறுகிப் பிடிக்காமல் காக்கும் பசை), நுனியில் படக் கூடாது. முதலில் விரலால் முழுக்கத் திருக வேண்டும், பிறகு டார்க் ரெஞ்சில் 13 நியூட்டன் மீட்டர், அவ்வளவே. பிளக் என்ஜின் உடம்பின் வழியாகத்தான் எர்த் எடுக்கிறது, அதற்கு இந்த இறுக்கமே போதும், அதற்கு மேல் திருகினால் பிளக்கின் உடம்பு நசுங்கும். இணைக்கும் தகட்டை மட்கடதாசியால் பளபளப்பாகத் தேய்த்துப் பூட்டினேன்.

மறுநாள் புல்லில் வெள்ளை படிந்திருந்த நேரத்தில் சாவியைத் திருப்பி, விளக்கு அணைந்த பிறகும் ஒரு மூச்சு பொறுத்து ஸ்டார்ட் பண்ணினேன். முதல் சுற்றிலேயே நான்கு சிலிண்டரும் சேர்ந்து பிடித்தது, புகை ஒரு கீற்று வந்து நின்றது. ரிலே 'டக்' என்னும்போது உள் விளக்கு இப்போது நன்றாக மங்குகிறது, நான்கும் இழுக்கின்றன. குளிரில் முதல் நிமிடம் வால்வ் பக்கமிருந்து டப்பட் சத்தம் மட்டும் இன்னும் கேட்கிறது, அது பிளக்கோடு சேர்ந்த விஷயமில்லை. அடுத்து வால்வ் கவரைத் திறந்து வால்வ் இடைவெளி (கிளியரன்ஸ்) பார்க்க வேண்டும், இன்டேக்கில் 0.20 முதல் 0.30, எக்ஸாஸ்ட்டில் 0.40 முதல் 0.50 மிமீ இருக்க வேண்டும். ஷிம் என்கிற சின்னத் தகடு வைத்துச் சரிசெய்கிற ரகம், வேண்டிய தடிமனில் ஷிம் கிடைத்ததும் அதையும் எழுதுகிறேன்.